பச்சை வெண்டோவரின் கடிகாரம்

லட்லோ
4 மார்ச் 1986

மதிப்பிற்குரிய ஹாலம் அவர்களுக்கு,

நான் யாரென்று உங்களுக்குத் தெரியாது. வெண்டோவர் கார் சங்கத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். "வாங்கறதுக்கு முன்னாடி பியூட்லியில இருக்கிற ஹாலம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்கம்மா, வண்டியோட பூர்வீகத்தையே சொல்லிடுவாரு" என்று உங்கள் விலாசத்தைக் கொடுத்தார்கள்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. என் கணவர் டெனிஸ் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. அவருக்குப் பிடித்த இழுவண்டி வீட்டை, அதுதான் விடுமுறைக்குக் காரின் பின்னால் மாட்டி இழுத்துப்போவோமே, அதைப் போன மாதம் விற்றுவிட்டேன். அந்தப் பணத்தில் எனக்குப் பிடித்ததை வாங்கப்போகிறேன்: கூரை மடக்குகிற, இரண்டே இருக்கை உள்ள, பின்சக்கரம் தள்ளுகிற பழைய வெண்டோவர். இருபது வயதில் ஒன்று என்னைக் கடந்து போனது. அன்றைக்குப் பிடித்த ஆசை இன்னும் விடவில்லை.

என் தங்கை எட்னா சிரியோ சிரி என்று சிரிக்கிறாள். "ஏக்கா, உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? எவனாவது துருப்பிடிச்ச தகரத்தை உன் தலையில கட்டிருவான் பாரு" என்கிறாள். ஜூன் முடிவதற்குள் நல்ல வண்டி கிடைக்காவிட்டால், அவள் சொல்கிற டப்பா மாதிரி மூடிய காரை இருவரும் சேர்ந்து வாங்குவதாக வாக்குக் கொடுத்துத் தொலைத்துவிட்டேன்.

லெம்ஸ்டரில் ஒரு சிவப்பு வண்டி விலைக்கு வந்திருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வீர்களா?

இப்படிக்கு,
ஹெஸ்டர் மேடக்ஸ்


பியூட்லி
7 மார்ச்

மதிப்பிற்குரிய திருமதி மேடக்ஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். முதலில் சிவப்பு நிறத்தைப் பார்க்காதீர்கள். பெயின்டுக்கு மயங்கி ஏமாந்தவர்கள் எங்கள் சங்கத்தில் பாதிப் பேர், என்னையும் சேர்த்து.

ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஒரு தகடு ஓடும், அதில் அங்கங்கே வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் விழுந்தால் துருவை மறைத்துப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தத் தகடுதான் இந்த வண்டிக்கு முதுகெலும்பு. அது போனால் எல்லாம் போச்சு. பிறகு கதவைத் திறந்து மூடுங்கள். தொங்கினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஈரச் சாலையில் திருப்பத்தில் வேகம் கூட்ட வேண்டாம். பின்சக்கரம் தள்ளுகிற வண்டி, வால் ஒரு பக்கம் போகும். எங்களுக்கெல்லாம் அதுதான் சுகம். ஆனால் முதல் நாளே வேண்டாம்.

பிடித்துப்போனாலும் முகத்தில் காட்டிவிடாதீர்கள்.

அன்புடன்,
வில்ஃப்ரெட் ஹாலம்


லட்லோ
17 மார்ச்

அன்புள்ள ஹாலம்,

லெம்ஸ்டர் போய் வந்தேன். வீட்டில் இருந்த ஒரே காந்தம் கடற்கரையில் வாங்கிய கழுதைப் பொம்மைதான், குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருப்பது. அதையே எடுத்துப் போனேன்.

விற்கிறவர் வாய் ஓயவில்லை. "ஒரே ஒரு அம்மாதான்மா ஓட்டினாங்க, மழையே படாத வண்டி!" என்றார். நான் குனிந்து கழுதையைத் தகட்டில் வைத்தேன். பொத்தென்று விழுந்தது. தள்ளி வைத்தேன், மறுபடி விழுந்தது. "என்னம்மா பண்றீங்க?" என்றார். "கழுதைக்குப் பிடிக்கலீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வீடு வரும்வரை தனியாகச் சிரித்தேன். இப்படிச் சிரித்து எத்தனையோ நாளாயிற்று, நன்றி.

ஹெஸ்டர் மேடக்ஸ்


பியூட்லி
20 மார்ச்

அன்புள்ள ஹெஸ்டர் (இப்படி அழைக்கலாம் அல்லவா?),

காலைச் சாப்பாட்டின்போது உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். கழுதை விழுந்த இடத்தில் நான் சிரித்த சிரிப்பில் ரொட்டி கருகிவிட்டது. என் மனைவி ஈனிட் காலமான பிறகு இந்தச் சமையலறையில் சிரிப்புச் சத்தமே கேட்டதில்லை. கருகிய ரொட்டியில் ஆரஞ்சு மார்மலேட் பாகைத் தடவிச் சாப்பிட்டேன், தேவாமிர்தமாக இருந்தது.

தேடுங்கள். எது கண்ணில் பட்டாலும் எனக்கு எழுதுங்கள். எதுவும் படாவிட்டாலும் எழுதலாம்.

வில்ஃப்ரெட்


லட்லோ
22 ஏப்ரல்

அன்புள்ள வில்ஃப்ரெட்,

இரண்டாவது வண்டியும் கதைக்கு ஆகவில்லை. கழுதை ஒட்டியது. ஆனால் கிளட்சை விடும்போதெல்லாம் பின்னாலிருந்து யாரோ பாத்திரத்தைப் போட்டு உடைப்பது போல் 'டங்' என்றது. "அது பாட்டுக்கு இருக்கும், பழகிடும்" என்றார் விற்கிறவர். டெனிஸின் குறட்டைகூடப் பழகிவிடும் என்றுதான் என் மாமியார் சொன்னார், பழகவே இல்லை.

எட்னா அந்த டப்பா காரின் விளம்பரத் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். உங்கள் தோட்டத்தில் புளிப்புத் தண்டு விடுமே, அந்த ருபார்ப் செடிக்கு வைக்கோல் போட்டீர்களா? போன கடிதத்தில் நான்கு பக்கம் எழுதினீர்கள், அதைப் பற்றிச் சொல்லவே இல்லை.

ஹெஸ்டர்


லட்லோ
19 மே

அன்புள்ள வில்ஃப்ரெட்,

கிடைத்துவிட்டது போலிருக்கிறது! கிளியோபரியில் ஒரு ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியரிடம் கரும்பச்சை நிற வெண்டோவர். இடுப்பு வலியால் அவரால் இப்போது அதற்குள் இறங்கி ஏற முடியவில்லையாம். கழுதை எங்கே வைத்தாலும் அட்டை மாதிரி ஒட்டுகிறது. கதவு தொங்கவில்லை, பின்னால் சத்தமும் இல்லை. "சனிக்கிழமை வாங்க, நீங்க மட்டும் எடுத்துட்டுப் போய் கிளீ மலை ஏறி இறங்கிட்டு வாங்க. பிடிச்சாச் சொல்லுங்க" என்றார்.

உங்கள் வழக்கப்படி எல்லா விவரத்தையும் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உடனே பதில் போடுங்கள். காலையிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஹெஸ்டர்


பியூட்லி
21 மே

அன்புள்ள ஹெஸ்டர்,

அவசரப்படாதீர்கள். விவரங்களை மூன்று முறை படித்தேன். முன்பலகையில் உள்ள கடிகாரம் அந்த வருடத்து வண்டிக்கு உரியதல்ல. முள் வெள்ளையாக இருக்க வேண்டும், மஞ்சள் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கைத் தையலும் ஒற்றையாக இருக்க வேண்டும். சாம்பல் கிண்ணத்தின் மூடி பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை, அது எனக்குக் கவலையாக இருக்கிறது.

விட்டுவிடுவது நல்லது என்று தோன்றுகிறது. இதைவிட நல்லது வரும். பொறுமையாகத் தேடுவோம்.

வில்ஃப்ரெட்


லட்லோ
25 மே

அன்புள்ள வில்ஃப்ரெட்,

நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தேன். என்ன சொல்வேன்! கூரையை மடக்கிவிட்டு, நீலத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு மலை ஏறினேன். நடுச்சாலையில் ஆடுகள் படுத்திருந்தன, எழுந்திருக்க மனமில்லாமல் என்னைப் பார்த்தன. திருப்பத்தில் வால் லேசாக ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. பயத்தில் கத்தினேன் என்று நினைத்தேன், பாடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. எதிரே ஒரு வெள்ளை வெண்டோவர் வந்தது. ஓட்டி வந்தவர் என்னைப் பார்த்ததும் ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்தார், கையை வேறு தூக்கினார். சக்கரம் கழன்றதா, புகை வருகிறதா, என்ன பார்த்தார் என்று தெரியவில்லை. ஓரமாக நிறுத்தி, முழங்காலில் உட்கார்ந்து அடியெல்லாம் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புலப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஊர்ந்து ஊர்ந்து திரும்பி வந்து, வைத்தியரிடம் காரணம்கூடச் சொல்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

நீங்களும் கடிகாரம் சரியில்லை என்கிறீர்கள், வழியில் போகிறவரும் எச்சரிக்கிறார். எட்னா சொல்வதுதான் சரி, எனக்கு இதெல்லாம் தெரியாது. சனிக்கிழமை அவளோடு போய் அந்த டப்பாவுக்கு முன்பணம் கட்டப்போகிறேன். அழுகையாக வருகிறது. ஆனாலும் உங்களுக்கு மிகுந்த நன்றி.

ஹெஸ்டர்


பியூட்லி
28 மே

என் அன்புள்ள ஹெஸ்டர்,

டப்பாவை வாங்காதீர்கள்! முன்பணம் கட்டாதீர்கள்! எட்னாவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுங்கள்!

வெண்டோவர் ஓட்டுகிறவர்கள் எதிரெதிரே வந்தால் விளக்கை அடித்துக் கையைத் தூக்குவோம். அது எங்கள் வணக்கம். தெரியாத ஊரில் தெரியாத ஆளுக்கும் செய்வோம். காந்தம், கதவு, தையல் என்று பக்கம் பக்கமாக எழுதிய மடையன், இதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

இன்னொன்று. அந்த வெள்ளை வண்டி என்னுடையது. சனிக்கிழமை நீங்கள் மலைக்கு வருவீர்கள் என்று எழுதியிருந்தீர்களே, காலையிலிருந்து மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆடுகளுக்கே என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. நீலத் துணியோடு, வாயைத் திறந்து பாடிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். நின்று பேசத் தைரியம் வரவில்லை. விளக்கைத்தான் அடிக்க முடிந்தது.

அந்தக் கடிகாரத்தில் ஒரு குற்றமும் இல்லை, ஹெஸ்டர். நல்ல வண்டி கிடைத்துவிட்டால் நீங்கள் எனக்கு எதற்காக எழுதப் போகிறீர்கள்? அந்தப் பயத்தில்தான் கடிகாரம், தையல், சாம்பல் கிண்ணம் என்று நொட்டை சொன்னேன். என்னால் உங்கள் ஆசை கைநழுவிப் போனால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். இதைக் கண்டதும் வைத்தியருக்குத் தொலைபேசியில் பேசுங்கள்.

வில்ஃப்ரெட்


லட்லோ
31 மே

கெட்டிக்கார வில்ஃப்ரெட்டுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு எட்னாவிடம் நீட்டினேன். அவள் இரண்டு முறை படித்தாள். "அடிப்பாவி, கார் தேடறேன் கார் தேடறேன்னு நீ என்னத்தைத் தேடியிருக்க!" என்றாள். பிறகு அவளே தொலைபேசியை எடுத்து வைத்தியரிடம், "யாருக்கும் குடுத்துடாதீங்க, எங்கக்கா இப்பவே கிளம்பி வர்றா" என்று கத்தினாள். பச்சை வெண்டோவர் இப்போது என் வாசலில் நிற்கிறது. எட்னாதான் முதலில் ஏறி உட்கார்ந்தாள், இறங்கவைக்கத்தான் பெரும்பாடு.

உங்கள்மேல் கோபப்பட வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். கடிகாரத்தில் குற்றம் பார்த்தவருக்கும் அது பொருந்தும், அவரிடம் குற்றம் பார்க்க நினைத்தவளுக்கும் பொருந்தும். ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் கடிகாரம் ஓடவே இல்லை. அதனால் நேரத்துக்கு வரவில்லை என்று யாரும் என்னைக் கோபிக்கக் கூடாது.

வருகிற ஞாயிறு அல்ல, அதற்கடுத்த ஞாயிறு காலை நான் மலை ஏறுவேன். கூடையில் ருபார்ப் பணியாரம் இருக்கும். கழுதையும் வருகிறது, உங்கள் வெள்ளை வண்டியின் தகட்டை நானும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எதிரே வந்தால் விளக்கை அடியுங்கள். இந்த முறையும் நான் வண்டியை நிறுத்துவேன், ஆனால் எதுவோ கோளாறு என்று நினைத்து அல்ல.

உங்கள்
ஹெஸ்டர்