கோபத்தில் இழுத்த குழாய்கள்

மார்ச் 3, திங்கள்

இன்று ஆய்வகத்தில் ஒன்பது சுண்டெலிக் கருமுட்டைகள். ஏழு ஒழுங்காகப் பிரிந்தன. அதாவது, சரிபாதியாகப் பிரியாமல். முட்டையானது சாப்பாட்டையெல்லாம் தானே வைத்துக்கொண்டு, வேண்டாத குரோமோசோம்களை ஒரு சின்னப் பொட்டலமாக வெளியே தள்ள வேண்டும். மீதி இரண்டும் சொத்துப் பிரித்த அண்ணன் தம்பி மாதிரி நட்டநடுவில் பிளந்து நின்றன. இரண்டும் வீண். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்!

போன மாதம் இளம் எலிகளின் முட்டை ஒன்றுகூட இப்படிப் பிளக்கவில்லை. இவை கிழட்டு எலிகளுடையவை. முட்டையின் மேற்பரப்புக்கு அடியில் இருக்கும் புறணி அளவாக இளகினால்தான் குரோமோசோம்கள் ஓரத்துக்கு நகரும். விறைத்தாலும் தப்பு, தொளதொளவென்று ஆனாலும் தப்பு. அளந்து பார்த்தேன். பிளந்த இரண்டும் தொளதொள. ஆக, வயதானால் புறணி தளர்கிறது. மாதக் கடைசியில் இதை நிதி ஒதுக்கும் குழுவின் முன் வைத்தால் என் வேலை இரண்டு வருஷம் நீளும் என்கிறார் எங்கள் ஆய்வகத் தலைவி மேடம்.

நீள வேண்டும். வீட்டுக்காரருக்கு வேறு ஊரில் பதவி உயர்வு வந்திருக்கிறது. எனக்கு இங்கே வேலை இருந்தால் அவர் போக மாட்டார். இல்லாவிட்டால் இருவரும் கிளம்ப வேண்டியதுதான். காலையில் இதே பேச்சு, சண்டை.

மார்ச் 6

வீட்டில் அமைதி. அவரே துணி காயப்போட்டார். எட்டு முட்டை, எட்டும் ஒழுங்கு. சே.

மார்ச் 11

பல் தேய்க்கும்போதே ஆரம்பித்தார். "நீ எலிக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்றதுக்கு நான் புரமோஷனை விடணுமா?"

குடும்பக் கட்டுப்பாடா! ஆறு வருஷமாக இதைத்தான் புரிந்துவைத்திருக்கிறாரா மனுஷர்? கதவை அறைந்துவிட்டு வந்தேன். பத்தில் நான்கு பிளந்தன. பேஷ்.

மார்ச் 14

மேடம் என்னைத் தங்கம் என்றார். பேசியது மேடம்தானா என்று திரும்பிப் பார்த்தேன்.

மார்ச் 19

பக்கத்து மேஜைக்காரர் எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். நாங்கள் வைத்த பெயர் ஐஸ். இன்று என்னிடம் ஒரு குழாய் கடன் கேட்டார். முட்டையை இடம் மாற்றும் கண்ணாடிக் குழாய். சுடரில் காட்டி நாங்களே கையால் இழுத்து மெலிதாக்கி, வாயால் உறிஞ்சி முட்டையை எடுப்போம். உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தவர், "இதுல முட்டை நசுங்கிடுமே. யார் மேல கோபம்?" என்றார்.

சிரித்தேன். பிறகுதான் உறைத்தது.

பதமாக இழுத்தால் குழாய் அகலமாக வரும். வெடுக்கென்று இழுத்தால் ஒல்லி. ஒல்லியில் முட்டை நசுங்கும், நசுங்கியதால்தான் பிளந்ததோ? நான் தினமும் காலையில் வந்ததும் இழுக்கிறேன். சண்டை போட்ட கையோடு!

வீட்டுக்கு வந்து இந்த நோட்டையும் ஆய்வக நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். மூன்றாம் தேதி சண்டை, இரண்டு பிளவு. ஆறாம் தேதி அமைதி, ஒன்றுமில்லை. பதினொன்று... எழுதவே வெட்கமாக இருக்கிறது. போன மாதம் அவருக்குப் பதவி உயர்வும் வரவில்லை, சண்டையும் வரவில்லை.

கிழட்டு எலிகள் மேல் அபாண்டமாகப் பழி போட்டிருக்கிறேன்.

மார்ச் 20

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே. போச்சு, எல்லாம் போச்சு.

மார்ச் 21

சொல்லிவிட்டேன். ஆதாரம் வேண்டுமே, இந்த நோட்டையே நீட்டினேன். மேடம் பதினொன்றாம் தேதியை இரண்டு தடவை படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு, "வேலைக்கு நான் உத்தரவாதம் தர முடியாதும்மா," என்றார். நோட்டைத் திருப்பிக் கொடுத்தபடியே, "ஆனா, கசக்கினாலே புறணி தளருதுன்னா, அதுவும் ஒரு விஷயம்தானே?" என்றார்.

மார்ச் 28

ஐஸ் இரண்டு அளவில் குழாய் இழுத்துக் கொடுத்தார். எது எது என்று எனக்குச் சொல்லவில்லை. ஒரு வாரம் இரண்டிலும் முட்டைகளை எடுத்தேன். இன்று எது ஒல்லி, எது அகலம் என்று பிரித்துப் பார்த்தோம். ஒல்லிக் குழாயில் இருபத்துநான்குக்கு ஒன்பது பிளவு. இளம் எலி, கிழட்டு எலி பேதமில்லை. அகலக் குழாயில் ஒன்றுகூட இல்லை.

மார்ச் 31

குழு ஆறு மாதம் கொடுத்தது. இரண்டு வருஷம் இல்லை, ஆறு மாதம்.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னேன், சண்டைக் கணக்கு உட்பட. ஆறு மாதம் என்று நான் மத்தியானம் போனில் சொன்னதுமே, அதற்குப் பிறகு சேரலாமா என்று அவர் புது ஊர் ஆபீசில் கேட்டுவிட்டாராம், சரி என்றார்களாம். நான் கேட்கச் சொல்லவே இல்லை. அழுகை வந்துவிட்டது.

வெங்காயம் உரித்தபடியே, "நசுங்கின முட்டையைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டா பழையபடி ஆயிடுமா?" என்றார்.

தெரியவில்லை. நாங்கள் யாரும் அதைப் பார்த்ததே இல்லை. ஆறு மாதத்துக்கு இனி அதுதான் வேலை.