இறாலின் தலை

அன்புள்ள அம்மாவுக்கு ரூமானாவின் ஸலாம். உங்கள் முட்டுவலி தேவலையா? போனில் பேசும்போது அத்தா உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

கடல் உயிர்களுக்குச் சிறுநீரகம் முதன்முதலில் எப்படி உருவானது என்பதுதானே இங்கே நார்வேயில் என் ஆராய்ச்சி? நேற்று ஆய்வுக்கு இறால் கொடுத்தார்கள். "தலையக் கிள்ளிப் போடுடி, அம்புட்டும் அழுக்கு" என்று நீங்கள் பழக்கிய ஜெகதாப்பட்டினத்துக் கை, தலைகளைத் திருகி எறிந்துவிட்டது. இறாலுக்குச் சிறுநீரகம் தலையில்தான்! ஆய்வகமே சிரித்தது.

சிறுநீரகமே இல்லாத கடல்புழுக்களும் உண்டு, நிம்மதியாக வாழ்கின்றன. அவற்றைப் பார்த்தால் அத்தா நினைவு வந்து வேலை ஓடமாட்டேன் என்கிறது. டயாலிசிஸுக்கு ஒழுங்காகப் போகிறார்களா?

யாராவது இங்கே வந்தால் இறால் பொடி கொடுத்துவிடுங்கள். பஸ் வந்துவிட்டது, மீதியை ஏறி உட்கார்ந்து எழுதுகிறேன்.

அத்தாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது என்கிறீர்கள். வீடியோவில் முகம் மட்டுமே தெரிகிறது. அடுத்த முறை போனைக் கொஞ்சம் கீழே இறக்கிக் காட்டுங்கள்.

ரூமானா