வெங்காயம் நடாத வாசல்

இன்று காலை வாசல் முழுக்கப் புங்கம்பூ கொட்டிக் கிடந்தது. தண்ணீர் தெளித்ததும் பூவும் ஈர மண்ணும் சேர்ந்து ஒரு வாசம் எழுந்தது பார், துடைப்பத்தை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். நீ இல்லாமல் வந்திருக்கும் இரண்டாவது சித்திரை இது. பெரம்பலூர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவே தகிக்கிறது. நம் வாசலில் மட்டும் செருப்பில்லாமல் நடக்கலாம்.

இந்த மனையை வாங்கியபோது இங்கே ஒரு புல்கூட இல்லை. கடப்பாரை போட்டால் கல் ணங்கென்று திருப்பி அடித்தது. போர் போட்டு எடுத்த தண்ணீரோ உப்பு. நேர் ரோட்டில் பஸ் ஓட்டிப் பழகிய எனக்கு வளைத்து யோசிக்க வராது. முன்பக்கம் வெங்காயமும் கத்திரியும் போடலாம், மிச்சத்துக்குச் சிமெண்ட் தளம் என்றேன். கொத்தனாரும் அதையே சொன்னார். நீ நர்ஸ் வேலையில் ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வந்த களைப்பில், தோள் பையைக்கூட இறக்காமல் நின்றிருந்தாய்.

"வெங்காயம் வேணாங்க. எங்கம்மா ஆயுசு பூரா குனிஞ்சு நட்டது போதும். இது நம்ம மண்ணு. அழகா இருந்துட்டுப் போகட்டும்."

வெங்காயப் பாத்தி வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். குன்னம் பக்கத்தில் பெரிய வீட்டுக்காரர்கள் வெங்காயக் காட்டில்தான் உன் அம்மா கூலிக்குப் போனார். பள்ளிக்கூட லீவு விட்டால் நீயும் கூடப் போவாய். கூலி வாங்கக்கூடக் கொல்லைப் பக்கம் நின்றுதான் குரல் கொடுக்க வேண்டும். அவர்கள் முன்வாசலில் என்ன பூ பூத்திருக்கிறது என்பதை ரோட்டில் போகும்போது எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாய்.

ஆசைப்பட்டு நீ முதலில் வைத்தது ரோஜாவும் புல்தரையும். ஒரே கோடையில் இரண்டும் கருகிப்போயின. அன்று நீ சரியாகச் சாப்பிடவில்லை. சிமெண்டே போட்டுவிடலாமா என்று மெல்லக் கேட்டேன். ஆனால் அதற்குப் பிறகு வேலைக்குப் போகிற ஊர்களிலெல்லாம், கத்திரி வெயிலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பச்சையாக நிற்பது எது என்று பார்த்து வர ஆரம்பித்தாய். பிள்ளைக்கு ஊசி போட்ட வீட்டிலேயே விதையும் குச்சியும் கேட்டு வாங்கி வருவாய்.

சாயங்கால வெயில் சுவரைச் சுடாமலிருக்க மேற்கே புங்கன். வேலியோரம் காகிதப்பூ. ஜன்னலடியில் நந்தியாவட்டை. குளிக்கிற தண்ணீர் ஓடிப் பாய்கிற இடத்தில் செம்பருத்தியும் வாழையும். குழி தோண்டக் கிடைத்த கற்களை வீசவிடாமல் கேட்டிலிருந்து படிவரை இரண்டு பக்கமும் பதித்து, வளைந்து போகிற ஒரு பாதை செய்தாய். நேராகப் போட்டால் என்ன என்றதற்கு, "வர்றவங்க நின்னு பாத்துட்டு வரட்டுமே" என்றாய். உதிர்ந்த இலையை எரிக்கவிடாமல் வேரடியில் மூடி வைத்தாய். புங்கன் கூரையைத் தாண்டியபோது மாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் நிழல் கிடைத்தது.

அந்தப் பெரிய வீட்டு அம்மா வந்த நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நீ ஊசி போட்டுப் பார்த்துக்கொண்ட பேரனுக்குக் காதுகுத்து, பத்திரிகை வைக்க வந்திருந்தார். உள்ளே வரச் சொன்னோம். வேண்டாம், இங்கேயே குளுமையாக இருக்கிறது என்று புங்கனடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நீ கொடுத்த மோரைக் குடித்தார். கிளம்பும்போது வேலியோரக் காகிதப்பூ அருகே நின்றுவிட்டார்.

"இந்தக் கலரு எங்கியும் பாக்கல. ரெண்டு குச்சி ஒடிச்சுக் குடுங்க."

நீ கத்தரிக்கோலைத் துடைத்து, நன்றாக முற்றிய கிளையாகப் பார்த்து வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தாய். கார் தெருமுனை திரும்பும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"கவனிச்சீங்களா? குடுங்கன்னாங்க."

"கேட்டேன்."

"எங்கம்மாவ ஒரு நாளும் வாடி போடின்னு தவிர கூப்ட்டதில்ல. எங்கம்மா இருந்து இதக் கேட்டிருக்கணும்."

அன்று உன் முகத்தில் இருந்ததைக் கோபம் என்றும் சொல்ல முடியாது, சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. தலை நிமிர்ந்திருந்தது, அவ்வளவுதான். உன் புருஷன் என்று சொல்லிக்கொள்ள நான் அன்றைக்குப் பெருமைப்பட்டதைப்போல வேறு எதற்கும் பட்டதில்லை.

உன்னைக் கிடத்திய அன்று பந்தல் போட வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, கொண்டுவந்த துணியைப் பிரிக்காமலே திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள். நீ ஊசி போட்ட ஊர்களிலிருந்தெல்லாம் சனம் வந்து நின்றது. ஒருவர் தலையிலும் வெயில் படவில்லை. அழுகைக்கு நடுவிலும் அதை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

போன வாரம் டவுனுக்குப் போனவன் நர்சரிக்குள் நுழைந்து ஒரு மனோரஞ்சிதக் கன்று வாங்கி வந்தேன். வாழ்க்கையில் நானாக ஆசைப்பட்டு வாங்கிய முதல் செடி. கிழக்கு மூலையில் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, இதனால் என்ன பிரயோசனம் சார் என்று கேட்டார். அழகா இருக்குங்க என்றேன்.