சிவப்பு வண்டியும் பாறை வளைவும்

கண்ணு,

நேற்று நம் பேத்தி புது கார் வாங்கிக்கொண்டு வந்தாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி முடித்ததும், என்னை முன் சீட்டில் உட்காரவைத்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். என் கண் ரோட்டில் இல்லை, அவள் காலடியிலேயே இருந்தது. அங்கே இரண்டே பெடல். கிளட்ச் என்பதே கிடையாது. "இடது காலுக்கு வேலையே இல்லீங்க அப்புச்சி. அது பாட்டுக்குச் சும்மா கெடக்கும்" என்றாள்.

"உங்க அம்மாயி இதப் பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பா தெரியுமா?" என்று கேட்டேன். "ரொம்ப சந்தோசப்பட்டிருப்பாங்க" என்றாள் அந்தப் பிள்ளை. அவளுக்கு என்ன தெரியும்? உனக்குக் கோபம் வந்திருக்கும். இரண்டு நாள் யாரோடும் பேசியிருக்க மாட்டாய். வீட்டுக்கு வந்து வெகுநேரம் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு அடங்கியதும் உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் இடது கால் சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் சூம்பிப்போனது. ஊன்றுகோல் பிடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்த உன் கையில் உன் அப்பா ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டார். கோயம்புத்தூரில் ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய கறுப்பு சலூன் கார் அது. உன் கால் எட்டுவதற்காக கிளட்ச் பெடலை நீட்டிவைத்து, ஸ்பிரிங்கையும் இளக்கிக் கொடுத்திருந்தார். பார்த்தால் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற வண்டி மாதிரி இருக்கும், ஓடினால் ரேஸ் வண்டி. நம் கல்யாணத்துக்குப் பெண்ணைப் பார்க்க வந்தவர்களைவிட அந்த வண்டியைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம்.

முதல்முதலாக என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து நாமக்கல்லுக்கு ஓட்டிப் போனாய். நான் கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "கதவு எங்கயும் ஓடிப் போயிராதுங்க. உட்டுருங்க" என்றாய். அன்றே எனக்குப் புரிந்துவிட்டது, இந்த வீட்டில் பயப்படுகிற வேலை இனி என்னுடையது என்று.

நம் வீட்டு வாசலில் நின்றால் கிழக்கே வானத்தை முக்கால்வாசி கொல்லிமலைதான் அடைத்துக்கொண்டிருக்கும். அந்த மலைமேல் வாழவந்தி நாடு என்கிற ஊரில் உனக்கு நிலம் இருந்தது. ஆரஞ்சும் மிளகுமாக உன் அப்பா சீராகக் கொடுத்த நிலம். அதை நீ பார்த்ததே இல்லை. அந்தக் காலத்தில் மேலே போக வேண்டுமென்றால் நடந்துதான் ஏற வேண்டும். இல்லையென்றால் டோலி. நாலு ஆள் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். நான் எத்தனையோ முறை கூப்பிட்டேன். "நாலு பேரு மூச்சு வாங்க, நான் மேல உக்காந்துக்கிட்டு எங்காட்டப் பாக்கறதா? வேணாமுங்க" என்று முடித்துவிட்டாய்.

நிலத்தைப் பார்த்துக்கொண்ட சடையக் கவுண்டர் ஆரஞ்சுக் கூடையோடு இறங்கி வரும்போதெல்லாம் அவரைப் பிடித்து உட்காரவைத்து விசாரிப்பாய். வடக்கு ஓரத்துப் பலா காய்த்ததா, ஓடையில் தண்ணீர் ஓடுகிறதா, மிளகுக்கொடி எந்த மரத்தில் எவ்வளவு உயரம் போயிருக்கிறது? அவரும் சளைக்காமல் சொல்வார். "அம்மிணி, ஒரு நாளைக்கு வந்து பாருங்க. நாஞ் சொல்றது பாதிகூட இல்லீங்க, அது அத்தன அழகு" என்பார். நீ ஆரஞ்சுத் தோலைக் கையில் வைத்து நசுக்கி மோந்துகொண்டிருப்பாய். பார்க்க எனக்கு மனசு கேட்காது.

அறுபதுகளில் மலைக்கு ரோடு போட ஆரம்பித்தார்கள். மண்ணும் ஜல்லியுமாக ஜீப்பும் லாரியும் ஏறுகிற அளவுக்கு அது தயாரானதும் நீ சலூன் காரைத் துடைத்துத் தயாராக வைத்தாய். அந்த வாரமே அதன் என்ஜின் வெடிப்பு விட்டது. வயசு அதற்கு. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராமல் இருந்த காலம். கோயம்புத்தூரிலிருந்து வந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, துக்க வீட்டில் நிற்பவர் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

என் அம்மா சொன்னாள், "ஏங் கண்ணு, காலும் இப்படி இருக்குது. உள்ளூர் வண்டி ஒண்ணு வாங்கி ஒரு டிரைவரப் போட்டுக்கலாமே."

"டிரைவர் ஓட்டுனா அது அவரு போற எடமுங்க அத்தை" என்றாய் நீ. அம்மாவுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்கும் அன்று புரியவில்லை.

விசாரித்ததில் இரண்டு வண்டிகள் அமைந்தன. இரண்டும் பழசு, இரண்டும் பெரிய இடத்து ஸ்போர்ட்ஸ் கார். ஒன்று ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரையுடையது. அவர் சீமைக்கே திரும்பிப் போகிறவர். இன்னொன்று சேலத்து மில்காரர் மகனுடையது. மகன் ஓட்டுகிற வேகத்தைப் பார்த்த அப்பா, வண்டியை விற்றால்தான் வீட்டில் சோறு என்று சொல்லிவிட்டாராம். வண்டிகளின் பெயரை நீ வாயால் சொன்னதே இல்லை, சிவப்பு வண்டி, வெள்ளி வண்டி என்பாய். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இரண்டும் ஒரே நாளில் நம் களத்துமேட்டில் வந்து நின்றன. கண்ணு, எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்தச் சிவப்பு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அத்தனை நீளமான மூக்கு. தரையோடு தரையாகப் பதுங்கிக்கொண்டு, பாய்வதற்குத் தயாராக நின்றது. உள்ளே மரப்பலகையும் தோல் சீட்டும். துரை என்ஜினைப் போட்டதும் கொட்டாயில் இருந்த மாடுகள் எல்லாம் எழுந்து நின்றன. வெள்ளி வண்டி அடக்கமானது. குட்டை மூக்கு, மேலே கூரை, கிளட்ச் வெண்ணெய் மாதிரி. சிவப்பு வண்டியின் கிளட்சை நான் மிதித்துப் பார்த்தேன். இரண்டு காலும் நன்றாக இருக்கிற எனக்கே தொடை வலித்தது.

"ரெண்டையும் மலைக்கு ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றனுங்க" என்றாய். துரை உன் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாவியைக் கொடுத்துவிட்டார்.

முதலில் சிவப்பு. அடிவாரத்துக் கருப்பனார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு ஏறினோம். முதல் வளைவுகள் சுலபம். அப்புறம் வந்தது பாறை வளைவு. ரோட்டுக்குள் ஒரு யானைப் பாறை துருத்திக்கொண்டு நின்றது. பாதி உடைத்து, வெடிமருந்து வராததால் மீதியை விட்டுவைத்திருந்தார்கள். லாரிக்காரர்கள் அங்கே முன்னும் பின்னுமாக எடுத்துத்தான் திருப்புவார்கள். நம் வண்டியின் மூக்கு பாறையில் இடிக்கப் போனது. நிறுத்தினாய். பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் எடுக்கும்போது உன் இடது கால் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. கிளட்ச் நழுவியது. என்ஜின் நின்று, வண்டி பின்னால் உருண்டது. கைபிரேக்கை இழுத்துவிட்டாய். என் பக்கத்துக் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். ரோடே இல்லை, மரங்களின் உச்சிதான் தெரிந்தது.

வண்டியைத் திருப்ப இடமில்லை. நீ ஒரு கையை சீட்டின் முதுகில் போட்டு, கழுத்தைத் திருப்பி, ஏறி வந்த வளைவுகள் அத்தனையையும் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு இறங்கினாய். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. நான் ரோட்டைப் பார்க்கவில்லை, உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாய். அவ்வளவு அழகாக உன்னை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இவள் எனக்கு எப்படிக் கிடைத்தாள் என்ற திகைப்பு அன்று வந்தது, இன்றுவரை போகவில்லை.

மறுநாள் வெள்ளி வண்டி. பாறை வளைவை ஒரே திருப்பில் தாண்டியது. பாட்டுக் கேட்டுக்கொண்டே போகலாம் போல அப்படி ஒரு சுகம். மேலே போகப் போகக் காற்று குளிர்ந்தது, காது அடைத்தது, மேகம் ரோட்டைக் கடந்து போனது. வாழவந்தி நாட்டில் உன் நிலத்தின் ஓரமாகவே ரோடு போயிருந்தது. சடையக் கவுண்டர் ஓடி வந்தார். அவருக்குக் கண்ணில் தண்ணீர். "எறங்குங்க அம்மிணி, எறங்கி வாங்க!"

நீ இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, அந்தப் பச்சையை ஒருதரம் பார்த்தாய். ஆரஞ்சு மரம், மிளகுக்கொடி, தூரத்தில் பலா. பிறகு, "அடுத்த தடவ எறங்கறனுங்க கவுண்டரே" என்று சொல்லி வண்டியைத் திருப்பிவிட்டாய். கால் வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வெள்ளி வண்டியை வாங்கிவிடலாம் என்று நான் சந்தோசமாகப் பேச்செடுத்தபோது, "செவப்ப வாங்கிக்கலாமுங்க" என்றாய்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "நேத்து பாறைகிட்ட பட்டது பத்தாதா? உனக்கென்ன கிறுக்கா? அந்த வண்டி உன்னயும் என்னயும் சேத்து முழுங்கப் பாத்துச்சு. இது மேல கொண்டு போயி எறக்குச்சு!"

"அதானுங்க. இது கொண்டு போயி எறக்குச்சு. டோலியில போனாப்புல இருந்துச்சு." மெதுவாகச் சொன்னாய், "எங்காட்டுக்கு நானாப் போகோணுமுங்க."

துரைக்கு ஆள் அனுப்பினேன். அம்மா என்னோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை.

மெக்கானிக் சிவப்பு வண்டியின் கிளட்ச் ஸ்பிரிங்கை இளக்கித் தருகிறேன் என்றார். பெடலை நீட்ட மட்டும் விட்டாய். "எட்டறதுக்கு ஒத்தாச வேணுமுங்க. மிதிக்கறதுக்கு வேணாம்." தினம் விடிந்ததும் களத்துமேட்டில் ஆரம்பித்துவிடுவாய். முன்னால், பின்னால், முன்னால், பின்னால். கால் வழுக்காமலிருக்கச் செருப்பின் அடியில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொள்வாய். மதியம் நான் எண்ணெய் தேய்த்துவிடும்போது அந்தக் கால் தானாகவே துடித்துக்கொண்டிருக்கும். "பாறைக்கு மருந்து வந்துரும், உடைச்சுருவாங்க, கொஞ்சம் பொறு" என்று சொல்லிப் பார்த்தேன். "அதுக்குள்ள போயிரோணுமுங்க" என்றாய். பாறை வளைவு வரைக்கும் எத்தனை முறை போய்ப் பின்னாலேயே இறங்கி வந்திருப்போம்! ஒவ்வொரு முறையும் கால் அங்கேதான் ஆட ஆரம்பிக்கும்.

தை பிறந்து கொஞ்ச நாள் இருக்கும். வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினாய்.

"நீங்க எறங்கிக்கோங்க."

"எதுக்கு?"

"இந்த எடம் வந்தா நீங்க மூச்சப் புடிச்சுக்கறீங்க. எனக்குக் கேக்குது. கால் ஆடுது."

உன் முகத்தை ஒருதரம் பார்த்தேன். இறங்கி, மலை ஓரமாக ஒதுங்கி நின்றேன். நீ முன்னால் எடுத்தாய், மூக்கு பாறையிடம் ஒரு சாண் இருக்கும்போது நின்றது. பின்னால் எடுத்தாய். பின் சக்கரம் விளிம்புக்குப் போனது. சிறு கற்கள் சரிந்து கீழே விழுகிற சத்தம் கேட்டது. வண்டி அங்கேயே அசையாமல் நின்றது. உன் கால் எனக்குத் தெரியவில்லை. கருப்பனாரைக் கூப்பிடக்கூட மறந்துவிட்டேன். பிறகு அந்த என்ஜின் மலை முழுக்க எதிரொலிக்க உறுமியது. சிவப்பு வண்டி பாறையை உரசுகிற மாதிரி போய் வளைவைத் தாண்டி மேலே ஏறிவிட்டது.

நீ திரும்பிப் பார்க்கவில்லை. எனக்காக நிற்கவும் இல்லை.

சத்தம் மட்டும் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. ஒரு வளைவில் மறையும், அடுத்த வளைவில் என் தலைக்கு மேலே கேட்கும். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டபடி நின்றேன். அந்தச் சூம்பின கால்தான் அத்தனை பெரிய மலையை மிதித்துக்கொண்டு போகிறது என்று நினைக்க உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடைசியில் சத்தமும் இல்லாமல் போனது. அப்புறம் பழைய ஒற்றையடிப் பாதையைப் பிடித்து நடக்க ஆரம்பித்தேன். பாதை ரோட்டைக் கடக்கிற இடத்திலெல்லாம் மண்ணில் உன் சக்கரத் தடம் புதுசாக இருந்தது.

உச்சி வெயில் சாய்ந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். நீ உன் நிலத்துக்குள் நடந்துகொண்டிருந்தாய். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு மரத்தைப் பிடித்து, அடுத்த மரத்துக்குத் தாவிப் பிடித்து, காலை இழுத்து இழுத்து ஒவ்வொரு மிளகுக்கொடியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாய். சடையக் கவுண்டர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார், தாங்கிப் பிடிக்க வரவில்லை. நீ வேண்டாமென்று சொல்லியிருப்பாய். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏனுங்க, இவ்வளவு நேரம்?"

எனக்கு மூச்சு வாங்கியது. நீ உரித்துக் கொடுத்த ஆரஞ்சைத் தின்றுகொண்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாறையைப் பின்னால் உடைத்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தைப் பஸ்ஸில் கடக்கிறவர்களுக்கு அங்கே ஒரு பாறை இருந்ததே தெரியாது. வண்டியையும் யாரோ வாங்கிப் போனார்கள். நீயும் போன வருசம் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டாய். அன்றைக்குப் போலவே திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் வந்து தைரியமாக இருங்கள் என்றார்கள். நான் தைரியத்தை என்றைக்கு வைத்திருந்தேன், அதெல்லாம் உன்னிடம்தானே இருந்தது? என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. நீ தனியாக ஏறிப் போவதைக் கேட்டுக்கொண்டு நின்றவன் நான். நீ போய்ச் சேர்ந்திருப்பாய் என்பதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் கிடையாது. எங்கோ மரம் மரமாகத் தொட்டுக்கொண்டு நடந்துகொண்டிருப்பாய், நான் வந்ததும் ஏனுங்க இவ்வளவு நேரம் என்று கேட்பாய்.

வாரேன் கண்ணு. எனக்கு நடைதானே, கொஞ்சம் நேரமாகும்.