மூன்றாவது கதை

உன் புத்தகம் நேற்று வந்தது. பிரித்ததுமே அச்சு மை வாசனை. பின்னட்டையில் உன் படம். ஆண்டாள் தேரோட்டத்தன்று நாம் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டதில் என்னை வெட்டிவிட்டு உன்னை மட்டும் போட்டிருக்கிறார் உன் வீட்டுக்காரர். உன் தோளில் என் நான்கு விரல்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. செத்து எட்டு மாதம் கழித்து எழுத்தாளர் ஆகிவிட்டாய், போ.

நம் வாசிப்பு வட்டத்தின் வழக்கம் உனக்குத் தெரியாததா. ராஜபாளையத்தில் வட்டத்தை நடத்தும் பாயின் ஜவுளிக்கடை மாடி, மாதக் கடைசி ஞாயிறு. நம்மில் யார் எழுதினாலும் பெயர் போடாமல் ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுப்பார் பாய். யார் எழுதியது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். பேசி முடித்த பிறகு, எழுதியவர் விரும்பினால் கையைத் தூக்கலாம். முகத்துக்காகப் பாராட்டக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு. ஆள் யாரென்று தெரிந்துகொண்டே ஒருத்தி குதறுவாள் என்று அந்த மனுஷன் நினைத்திருக்க மாட்டார்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு கட்டு வந்தது. பன்னிரண்டு கதைகள். மூன்றாவது கதையில் ஒருத்தி, பெற்ற தாயை மதுரையில் முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு, அம்மா கோயமுத்தூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் உன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, அழுதுகொண்டே, உன் ஒருத்தியிடம்தான் நான் அதைச் சொல்லியிருந்தேன். நாலு பக்கம் படிப்பதற்குள் உடம்பெல்லாம் எரிந்தது. அதற்கு மேல் அந்தக் கதையைப் படிக்கவில்லை.

அந்த ஞாயிறு முதல் ஆளாக எழுந்தது நான்தான். உன் வரிகளை மூக்கால் இழுத்து இழுத்து வாசித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று. அடுத்த வீட்டை எட்டிப் பார்ப்பவளுக்கெல்லாம் கதை ஒரு கேடா என்றும் கேட்டேன். பாய் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ கையைத் தூக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு திருப்தி.

பஸ் ஸ்டாண்டில், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறப் போகும்போது கேட்டாய்.

"ஏட்டி, நெசமாவே ஒண்ணுகூடத் தேறலையா?"

"ஒண்ணுகூட இல்லட்டி. எழுதுனவ வேற சோலியப் பாக்கலாம்."

சரி, வாரேன் என்று ஏறிக்கொண்டாய். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் நன்றாகச் சாப்பிட்டேன். வெட்கக்கேடு, ஆனால் அதுதான் நடந்தது.

உன் கருமாதியன்று உன் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த ஜெராக்ஸுக்குப் பொறவு நீ பேனாவையே தொடவில்லையாம். ஏன் என்று என்னிடமாவது சொன்னாயா என்று கேட்டார். ஒன்றும் சொல்லலையே அண்ணே என்றேன்.

நேற்றுதான் உன் புத்தகத்தில் அந்தக் கதையின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். உண்மை தெரிந்த ஒரே ஒரு சிநேகிதி, கேட்பவர்களிடமெல்லாம் அவளுக்காகப் பொய் சொல்கிறாள். கோயமுத்தூரில் அந்த அம்மாளை என் கண்ணால் பார்த்தேன் என்று, சாகிறவரைக்கும் சொல்கிறாள். நீ எனக்காகச் சொன்ன பொய்தானே அது. அம்மா இன்னும் மதுரையில்தான் இருக்கிறாள். என் தெரு இன்னும் உன் வார்த்தையைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறது. பாவி, ஒரு பக்கம் முன்னால் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா.

இன்று வட்டத்தில் உன் புத்தகம்தான். உன்னை என்னைவிட அறிந்தவர் இல்லை என்று என்னையே முதலில் பேசச் சொன்னார்கள். பதினொரு கதைகளையும் தூக்கி வைத்துப் பேசினேன். அன்று விழுந்து விழுந்து சிரித்த இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூன்றாவது கதையை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று பாய் கேட்டார். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நல்ல கதை என்று சொன்னால், அது யாருடைய கதை என்று அடுத்துக் கேட்பார்களே என்ற பயம். நீ செத்த பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை.

"அது மட்டும் தேறல பாய்" என்றேன்.