பின்கால் ஒரு விரல் குட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, போய்ச் சேர்ந்த மறுநாளே பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு போட்டோ போட்டாயே, பார்த்தேன். பத்து நாளாக நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மா குளிக்கிறாள், கடையில் இருக்கிறாள் என்று அப்பா சொன்னது அத்தனையும் பொய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பேசினால் கத்துவேன், கத்தினால் நீ போனை வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கடைசிவரை படித்துத்தானே ஆக வேண்டும்.

என் படகில் கை வைக்க உனக்கு யார் சொன்னது? சித்தியின் கண் ஆபரேஷனுக்கு நான் இரண்டு நாள் துணைக்குப் போனால், லீவில் வந்தவள் காலை நீட்டித் தூங்கியிருக்கக் கூடாதா? இரண்டு ஒல்லி ஓடங்கள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்க ஒரு அலுமினியச் சட்டம், அந்தச் சட்டம் உட்கார ஓடத்துக்கு இரண்டாக நான்கு கால்கள், இவ்வளவுதான் அந்தப் படகு. சட்டத்தின் மூலைகள் தேய்ந்து லொடலொடத்துப் போனது எனக்குத் தெரியாதா? அலை அடித்தால் இரண்டு ஓடமும் புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், தெரியும். அதோடுதான் இத்தனை வருஷம் ஓட்டினேன். நீ என்னவென்றால் சட்டத்தைக் கழற்றிக் கொட்டகைக்குள் போட்டு, பழைய ரிவெட்டையெல்லாம் துளைத்தெடுத்து, குழாய் முனைகளை உப்புத்தாள் போட்டுச் சுரண்டி, மூலைக்குள் பசையை அப்பி, புது ரிவெட்டும் அடித்துவிட்டு, நான் வந்து உன்னை வழியனுப்பும்வரை வாயைத் திறக்கவில்லை. டேப்பின் மறுமுனையைப் பிடித்த உன் அப்பாவைத் தனியாகக் கவனித்துக்கொண்டேன். மறுநாள் கொட்டகையைத் திறந்தால் சட்டத்தின்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, மூன்று நாள் அசைக்கக் கூடாதாம். அதன் முதல் வரிக்கு அப்புறம் வருகிறேன்.

மூன்று நாள் கழித்து நானும் அப்பாவும் சட்டத்தைத் தூக்கிக் கால்கள்மேல் வைத்தோம். மூன்று கால்களில் உட்கார்ந்தது. வலது பின்காலில் உட்காரவில்லை, ஒரு விரல் கனத்துக்கு அந்தரத்தில் நிற்கிறது. அந்த மூலையை அமுக்கினால் எதிர்மூலை எழும்புகிறது. கப்பல் பட்டறையில் இருபது பேரை மேய்க்கிறவளுக்குச் சிமெண்டுத் தரையில் வைத்து ஒட்டக் கூடாது, படகின் கால்மேலேயே வைத்து ஒட்ட வேண்டும் என்று தோன்றவில்லையா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருப்பாய்? மாசக் கடைசியில் படகுத்துறைச் செயலாளர் ஒவ்வொரு படகாகத் தட்டிப் பார்க்க வருவார் என்பதும், தேறாத படகை அன்றே வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தைக் காத்திருக்கிறவனுக்குக் கொடுத்துவிடுவார் என்பதும் உனக்குத் தெரியாததா? உன் அண்ணனுக்கு வாயெல்லாம் பல். “அறுபத்திரண்டு வயசுல எதுக்கும்மா இது, இதோட விட்டுடேன்” என்கிறான். அவனுக்குச் சோறு போடாமல் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இறங்கும் இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் கடையில் கூடாரம் தைக்கும் துணியோடு மல்லுக்கட்டுகிறேன் என்று இந்த வீட்டில் உனக்காவது தெரியும் என்று நினைத்தேன்.

சரி, நீ ஒட்டியதைப் பிரித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சூடு காட்டினேன், மரச்சுத்தியால் அடித்தேன், அப்பா ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் என்று முறுக்கினோம். அப்பாவுக்கு இடுப்பு பிடித்ததுதான் மிச்சம். மூலை இம்மி அசையவில்லை. பாவி, அப்படி ஒட்டியிருக்கிறாய். கோபத்தில் மூலைக்கு மூலை நானே அளந்து பார்த்தேன், இரண்டு குறுக்களவும் மயிரிழை பிசகவில்லை. மட்டப்பலகை வைத்தேன், சட்டத்தில் முறுக்கலும் இல்லை. அப்புறம் எதில் குறை என்று அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

இனி எழுதுவதைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்து அழாதே, எடுக்க மாட்டேன். அந்தக் கால் குட்டை. நான்தான் அறுத்தேன். பதினாறு வயதில் நீ படகைப் பாறையில் கொண்டுபோய் இடித்தாயே, அதற்கு ஒரு மாதம் முன்னால், யாருடைய உதவியும் வேண்டாம் என்று தனியாகப் படகை வண்டியிலிருந்து இறக்கப் போய்க் கீழே போட்டேன். காலின் நுனி விரிசல் விட்டது. விரிந்த துண்டை அறுத்துவிட்டு, மிச்சக் காலிலேயே சட்டத்தை இழுத்து மாட்டி, யாரிடமும் மூச்சுவிடவில்லை. எட்டாத காலுக்கு இழுத்துக் கட்டியதால்தான் ஒவ்வொரு தடவையும் மூலைகள் தேய்ந்தன. நீ இடித்ததில் இடது ஓடத்தின் மூக்கு மட்டும்தான் சில்லு போனது, அதை அப்போதே அடைத்தாயிற்று. ஆனால் சட்டம் ஆட ஆரம்பித்ததும் பழியைப் போடப் பாறை வசதியாக இருந்தது. பதினெட்டு வருஷமாக வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் பாறைராணி கெடுத்த படகு என்று சொல்லிச் சிரித்தேன். நீயும் கூடவே சிரிப்பாய். அதற்கப்புறம் நீ சுக்கானைத் தொடவே இல்லை என்பதை நான் கவனிக்காமல் இல்லை.

அறுத்த துண்டு தையல் மிஷின் டிராயரில், பாபின்களுக்கு அடியில் இருந்தது. எடுத்துப்போய்க் காலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்தால் அச்சாகப் பொருந்துகிறது. “அது அந்த டிராயர்லதான் இருக்குன்னு எனக்குத் தெரியும்” என்றார் அப்பா. இத்தனை வருஷம் தெரிந்திருந்தும் உனக்கு டேப் பிடித்த மனுஷனை என்ன செய்வது, நீயே சொல். விரிசல் துண்டை நம்ப முடியாது, அதை அளவாக வைத்துக் கனமான குழாயில் ஒரு வளையம் அறுத்து, காலோடு பசை போட்டு ஒட்டினேன். இப்போது ஒரு ஓடத்தின் மூக்கைத் தூக்கினால் மற்றதும் கூடவே எழும்புகிறது. முன்பெல்லாம் முழங்கால் உயரம் தூக்கினாலும் அது பாட்டுக்கு மணலில் கிடக்கும். செயலாளர் இரண்டு தடவை தூக்கிப் பார்த்து, தேறியது என்று எழுதிவிட்டு யார் வேலை என்று கேட்டார். பாறைராணி என்று சொன்னேன். நுனியை அறுத்தது யார் என்பதையும் சொன்னேன். அந்த ஆள் சிரித்ததை நான் மன்னிக்கப் போவதில்லை.

இதனால் உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. இனிமேல் கேட்காமல் என் படகைத் தொட்டால் நடப்பதே வேறு. வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையின் இருமலுக்கு டாக்டரைப் பாருங்கள், ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த லீவை எப்போது போடுகிறாய் என்று எழுது, அன்றைக்குச் சுக்கான் உன் கையில், நான் முன்னால் உட்காருகிறேன்.

உன் சீட்டை இதோடு திருப்பி அனுப்புகிறேன். ‘நான் கெடுத்ததை நானே சரி பண்ணிட்டேன்’ என்று எழுதியிருக்கிறாயே, அதில் முதல் ‘நான்’ என்பதை அடித்துவிட்டு ‘அம்மா’ என்று எழுதியிருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

இப்படிக்கு,
கெடுத்தவள்,
உன் அம்மா