எலிகளுக்குக் கொடுத்த நல்லெண்ணெய்

ஆவணி, செவ்வாய்க்கிழமை.

ஆறு மாத ஆராய்ச்சி இன்று ஒரு கருப்பட்டித் துண்டில் வந்து நிற்கிறது.

இரண்டாவது தடவையாக நல்லெண்ணெய் வாங்கக் குடவாசல் செக்குக்குப் போயிருந்தேன். செக்குக்காரர் செல்வம் அண்ணன், ஆடிக்கொண்டிருந்த எள்ளில் கருப்பட்டியை உடைத்துப் போட்டார்.

"அண்ணே, வெறும் எள்ளைத்தானே ஆட்டச் சொன்னேன்?"

"வெறும் எள்ளுதாம்மா. கருப்பட்டி போடாம எண்ணெய் எப்படிப் பிரியும்? போன தடவையும் போட்டேனே."

ஆய்வகத்தில் ஈரல் கெட்ட எலிகளுக்குப் போன தடவை வாங்கிய அந்த எண்ணெயைத்தான் கொடுத்தேன். ஈரல் தேறுவது ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. எள்ளில் இருக்கும் ஆன்டி-ஆக்சிடன்ட்தான் காரணம் என்று எழுதியும் வைத்துவிட்டேன். இப்போது காரணம் எள்ளா, கருப்பட்டியா? முதல் தடவையே பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். அவர் மேல் என்ன தப்பு?

பேராசிரியரிடம் பயந்துகொண்டே போனில் சொன்னேன். அவர் திட்டவில்லை, சிரித்தார். "அப்ப மூணு குரூப்பா வைங்க. கருப்பட்டி போட்ட எண்ணெய், போடாத எண்ணெய், வெறும் கருப்பட்டி. இது இன்னும் நல்ல கேள்விம்மா." நாளைக் காலையில் செக்கைக் கழுவி, வெந்நீர் மட்டும் தெளித்து ஆட்டித் தருவதாகச் செல்வம் அண்ணனும் ஒத்துக்கொண்டார்.

அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் அலமாரியில்தான் இருக்கிறது. ஈரலில் கொழுப்பு. அதைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. சாப்பிடும்போது மட்டும் தினமும் போல இன்றும் கேட்டார்.

"எலியெல்லாம் எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குப்பா."

இன்று நான் சொன்னதில் சந்தேகமே இல்லாதது அது ஒன்றுதான்.